எது கொச்சை? ஆப்பிரிக்கான்ஸ் சொற்கள் போன இரு வழிகள்

ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'மிக்க நன்றி' என்பதற்குப் 'பாயா டாங்கி' என்பார்கள். நாடாளுமன்றத்தில் பேசுகிறவரும் தேவாலயப் போதகரும் பள்ளி ஆசிரியரும் இதையேதான் சொல்வார்கள். இதில் 'டாங்கி' டச்சு மொழியிலிருந்து வந்தது. 'பாயா' என்ற முன்பாதி மலாய் மொழியின் 'பன்யாக்' என்பதன் திரிபு. கேப் டவுன் நகரின் போ-காப் சரிவில் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம் குடும்பங்களில் நன்றிக்கு இன்னொரு சொல்லும் வழங்கிவந்திருக்கிறது: 'த்ராமகாசி', அதாவது மலாயின் 'தெரிமா காசி'. 'தயவுசெய்து' என்பதற்கு அங்கே 'கனாலா'. அல்லாவுக்காக என்று பொருள்படும் 'கரெனா அல்லா' என்பது தேய்ந்து அப்படி ஆனது. மூன்றும் ஒரே மொழியைச் சேர்ந்தவை. ஒரே வகைக் கப்பல்களில் ஒரே வகை மனிதரோடு வந்திறங்கியவை. முதலாவது சொல் விவிலியத்திலும் சட்டப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. அதைக் கொச்சை என்று சொன்னால் ஆப்பிரிக்கான்ஸ் பேசும் எவரும் சிரிப்பார். மற்ற இரண்டும் 'கேப் மலாய்ப் பேச்சு' என்ற அடைப்புக்கு வெளியே வரவில்லை. ஒலியிலோ இலக்கணத்திலோ இந்தப் பாகுபாட்டுக்குக் காரணம் தேடினால் கிடைக்காது. ஆப்பிரிக்கான்ஸில் ஒரு சொல் கொச்சையா செம்மையா என்பதை அதன் பிறப்பு முடிவு செய்வதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைச் சொன்ன வாய் யாருடையது என்பது மறந்துபோன சொற்கள் செம்மைக்குள் போயின. பேசியவர் இன்னும் கண்ணில் படும் சொற்கள் தெருவில் நிற்கின்றன.

இது எப்படி நேர்ந்தது என்பதற்கு 1652க்குப் போக வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த ஆண்டு யான் வான் ரீபெக் தலைமையில் நன்னம்பிக்கை முனையில் ஓர் இடைத்தங்கல் நிலையம் அமைத்தது. ஆசியாவுக்குப் போகும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் தண்ணீரும் தரவேண்டும் என்பதுதான் முதல் திட்டம். உள்ளூர் கோய்கோய் மக்கள் கால்நடைகளை விற்கலாம், ஆனால் கூலிக்கு வேலை செய்ய அவர்கள் விரும்பவில்லை. எனவே அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். வரலாற்றாசிரியர் ராபர்ட் ஷெல்லின் மதிப்பீட்டின்படி 1808 வரை ஏறத்தாழ 63,000 அடிமைகள் கேப் குடியேற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை, மடகாஸ்கர், இந்தியா, இந்தோனேசியத் தீவுகள் ஆகிய நான்கும் ஏறக்குறையக் கால்பங்கு கால்பங்காக இந்த எண்ணிக்கையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆவணங்களில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் 'வான் பெங்காலா', 'வான் மலபார்', 'வான் கோரமண்டல்' என்று ஊர் ஒட்டியிருக்கும். கோரமண்டல் என்றால் பழவேற்காடும் நாகப்பட்டினமும் உள்ளிட்ட சோழமண்டலக் கரை. பஞ்சம் வந்தபோதெல்லாம் அந்தத் துறைமுகங்களில் டச்சுக்காரர்கள் ஆள் வாங்கினார்கள். இத்தனை திசைகளிலிருந்து வந்தவர்கள் ஒருவரோடொருவர் மலாயிலும் திரிந்த போர்ச்சுகீசியத்திலும் பேசினார்கள். எசமானரோடு டச்சு பேசினார்கள், தங்கள் வாய்க்கு வந்த வகையில். அந்த வகைதான் பிற்பாடு ஒரு மொழியாயிற்று.

அந்தக் குடியேற்றத்தில் யார் யாருக்கு எந்த இடத்தில் என்ன பேசினார்கள் என்பதற்கு இன்றைய ஆப்பிரிக்கான்ஸ் அகராதியே சாட்சி. சிறைக்கு 'ட்ரொங்க்' என்கிறார்கள். இது போர்ச்சுகீசியத்தின் 'ட்ரொங்கோ'. பழைய தமிழ் அகராதிகள் சிறைக்குத் தரும் 'துருங்கு' என்ற சொல்லும் அதே மூலத்தைக் கொண்டதே. தோல் சாட்டைக்கு 'ஷாம்பொக்': பாரசீகத்தின் 'சாபுக்' மலாயில் 'சம்புக்' ஆகிக் கேப்புக்கு வந்து இப்படி நின்றது. நம்முடைய 'சவுக்கு' அதே பாரசீகச் சொல்லின் இன்னொரு பிள்ளை. சண்டை போடுவதற்குப் 'பாக்லே', மலாய் 'பெர்கெலாஹி'. கெஞ்சிக் கேட்பதற்குச் 'சூபாட்'. மலாயில் நண்பனைக் குறிக்கும் 'சோபாட்' என்பதே இதன் மூலம் என்கிறார்கள். நண்பா, நண்பா என்று மன்றாடிய குரல் வினைச்சொல்லாகிவிட்டது. இவற்றோடு வீட்டுக்குள் புழங்கும் ஒரு கூட்டம் உண்டு. தேநீர்க் கோப்பையின் கீழ்த்தட்டு 'பியரிங்', வாழைப்பழம் 'பீசாங்', மேல்சட்டை 'பாய்க்கி', பழச்சட்டினி 'பிளாச்சாங்'. எல்லாம் மலாய் வழியே வந்தவை. கறிக்குக் 'கெர்ரி', கட்டில் சட்டத்துக்குக் 'காட்டெல்'. இவ்விரண்டின் வேர் தமிழ் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இலவம்பஞ்சைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'காபோக்' ஆப்பிரிக்கான்ஸில் பனிப்பொழிவையும் குறிக்கத் தொடங்கியது. வெப்பநாட்டிலிருந்து வந்த யாரோ ஒருவர் முதன்முதலாகப் பனியைப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பிடிக்கும்; அது ஊகம், வாதத்தில் சேராது.

கோய்கோய் மொழிகளிலிருந்து வந்தவை இன்னும் உள்ளே போகின்றன. அடிபட்டால் 'எய்னா!' என்று கத்துவார்கள். பூச்சியைக் குழந்தைக்குக் காட்டி 'ஹொஹா' என்பார்கள். பிள்ளையை முதுகில் கட்டித் தூக்குவது 'அபா'. வலி, பயம், முதுகு: மூன்றும் குழந்தை வளர்ப்புச் சொற்கள். வெள்ளைக் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தது யார் என்பதற்கு இதைவிட நேரான தடயம் வேண்டியதில்லை. கோய்கோய் மக்களை 1713இன் பெரியம்மை கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயிற்று. மேய்ச்சல் நிலமும் கைவிட்டுப் போயிற்று. ஆனால் அவர்களுடைய வலிக்குரல் எசமானரின் பேரப்பிள்ளைகள் வாயில் தங்கியது. இன்று ஒரு ஜெர்மன் வழித்தோன்றலின் கால் கல்லில் இடித்தாலும் வாயில் வருவது 'எய்னா'தான். இதை யாரும் கொச்சை என்பதில்லை, கோய்கோய் என்றும் நினைப்பதில்லை.

ஏன் என்றால், ஒரு காலத்தில் மொழி முழுவதுமே கொச்சை எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் கேப்பில் படித்தவர்கள் ஹாலந்தின் டச்சு எழுதினார்கள். ஆட்சியாளர்கள் ஆங்கிலம் எழுதினார்கள். வீட்டில் பேசிய திரிந்த டச்சுக்குச் 'சமையலறை மொழி' என்று பெயர். அதைவிடக் கீழான பெயர்களும் இருந்தன, கோய்கோய் மக்களை இழிக்கும் சொல்லைச் சேர்த்து. 1875 ஆகஸ்ட் 14இல் பார்ல் ஊரில் 'மெய்யான ஆப்பிரிக்கானர் சங்கம்' தொடங்கிய சிலர் இந்தச் சமையலறை மொழியைத் தங்கள் தேசிய மொழி என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே பத்திரிகை நடத்தினார்கள். ஐம்பது ஆண்டுகளில், 1925இல், அது ஆட்சிமொழியானது. 1933இல் விவிலியம் வந்தது. மொழி வரலாற்றில் இவ்வளவு வேகமான ஏற்றம் அரிது. ஆனால் பார்ல் சங்கம் கூடுவதற்கு முன்பே இந்த மொழியை எழுதிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அபுபக்கர் எஃபெந்தி என்ற மார்க்க அறிஞரை 1862இல் உதுமானிய அரசு கேப் முஸ்லிம்களுக்காக அனுப்பியது. அவர் ஊர் மக்கள் பேசிய ஆப்பிரிக்கான்ஸையே அரபு எழுத்தில் எழுதி, 'பயானுத்தீன்' என்ற மார்க்கச் சட்ட நூலை 1869இல் முடித்தார். 1877இல் அது இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. கேப்பின் மதரசாக்களில் இப்படி அரபு எழுத்தில் எழுதிய பாடநூல்கள் வேறும் இருந்தன. அவற்றைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தவர் அக்மத் டேவிட்ஸ். உயிர்க்குறி இட்ட அரபு எழுத்து அன்றைய உச்சரிப்பை ரோமன் எழுத்தைவிடத் துல்லியமாகப் பிடித்துவைத்திருக்கிறது என்பது இந்த நூல்களால் மொழியியலுக்குக் கிடைத்த கூடுதல் லாபம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட வரலாறு பார்லில்தான் தொடங்கியது. மதரசாப் புத்தகங்கள் அதில் இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பைக் கேட்க வேண்டும். ஆப்பிரிக்கான்ஸ் சொற்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் டச்சு. மலாய், போர்ச்சுகீசியம், கோய்கோய் எல்லாம் சேர்ந்தாலும் கைப்பிடிதான். அதை வைத்து ஒரு மொழியின் பிறப்பையே அடிமைகள் கையில் கொடுப்பது மிகை அல்லவா? இந்தச் சண்டை பழையது. லைடனில் கிரேக்கம் கற்பித்த ஹெசலிங் 1899இல் மலாய்-போர்ச்சுகீசியக் கலப்பே இந்த மொழியை உருவாக்கியது என்று எழுதினார். டி. பி. போஸ்மன் அதை மறுத்தார். 1966இல், நிறவெறி ஆட்சியின் உச்சத்தில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வால்க்காஃப் அந்த வாதத்தை மீண்டும் எழுப்பி நிறையப் பேரின் கோபத்தைச் சம்பாதித்தார். ஹன்ஸ் டென் பெஸ்டன் பிற்பாடு கோய்கோய் மக்களும் அடிமைகளும் பேசிய இடைமொழியின் தடங்களை இலக்கணத்திலேயே காட்டினார். வாக்கியத்தின் இறுதியில் இரண்டாவது முறையாக 'இல்லை' சொல்லும் ஆப்பிரிக்கான்ஸ் வழக்கம் அவற்றுள் ஒன்று. ஹெசலிங்கின் கொள்கை முழுவதையும் இன்று யாரும் தூக்கிப்பிடிப்பதில்லை, நானும் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சொற்களின் எண்ணிக்கை வேறு, அவை புழங்கும் அளவு வேறு. 'மிக' என்று சொல்ல வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் வாய்க்கு வரும் 'பாயா' ஒன்றே நூறு அரிய டச்சுச் சொற்களுக்குச் சமம். அதைவிட முக்கியமானது, என் வாதம் எண்ணிக்கையில் நிற்கவில்லை என்பது. அயற்சொல் எத்தனை என்பதல்ல கேள்வி. உள்ளே வந்த அயற்சொல் எந்த நிபந்தனையில் 'நம் சொல்' ஆயிற்று என்பதே. பாயாவை வெள்ளை வீடுகள் எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டபின் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆளில்லை. த்ராமகாசியை எடுத்துக்கொள்ளவில்லை, எனவே அது தொழுகைக்குப் போகும் ஒருவரின் முகத்தோடேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கருதுகோளைச் சோதிக்க நல்ல வழி, பிறப்பில் ஐயமே இல்லாத டச்சுச் சொற்களைப் பார்ப்பது. 'க்வாய்' என்றால் அகராதியில் கோபமுள்ள, மூர்க்கமான என்று பொருள்; க்வாய் நாய் என்றால் கடிக்கும் நாய். கேப் டவுனுக்கு வெளியே மணல்வெளியில் விரிந்துகிடக்கும் கேப் ஃப்ளாட்ஸ் குடியிருப்புகளிலும் ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பர் நகரங்களிலும் அதே சொல்லுக்கு 'அட்டகாசம்' என்று பொருள். 'டெய்டலிக்' என்றால் தெளிவான. கேப் ஃப்ளாட்ஸில் யாராவது டெய்டலிக் என்றால் 'பிரமாதம்' என்று அர்த்தம். இவை நூற்றுக்கு நூறு டச்சு. இருந்தும் இந்தப் பொருளில் வந்தால் கொச்சை. சொல் அதுவேதான், பிறப்பு அதுவேதான். பொருளைத் திருப்பியது யார் என்பது மட்டும் மாறியிருக்கிறது. 1990களில் ஜோகன்னஸ்பர்க்கில் கிளம்பிய இசை வகைக்குக் 'க்வைட்டோ' என்று பெயர். இந்தக் க்வாய்தான் அதன் அடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கறுப்பு இளைஞர்களின் விடுதலைக்கால இசைக்கு ஆப்பிரிக்கானர் மொழியின் 'மூர்க்கம்' பெயராகிய விசித்திரம் வேறு எங்கும் எளிதில் காணக்கிடைக்காது.

அப்படியானால் வெள்ளையர்களுக்குக் கொச்சை இல்லையா என்று கேட்கலாம். நிறைய உண்டு. 'லெக்கர்' டச்சில் சுவையானது. தென்னாப்பிரிக்காவில் நல்ல வானிலையும் லெக்கர், நல்ல ஆட்டமும் லெக்கர், நல்ல பெண்ணும் லெக்கர். நாயை விரட்டும் 'ஃபூட்செக்' என்ற சொல் 'போ, என்கிறேன்' என்ற டச்சுத் தொடர் ஒடுங்கியது. மனிதரிடம் சொன்னால் பெரிய அவமதிப்பு. மறுநாள் காலைத் தலைவலிக்கு 'பாபெலாஸ்', இது சூலு மொழியிலிருந்து வந்தது. ஆங்கிலேயரைப் பற்றி 'ரூயிநெக்', சிவந்த கழுத்தன், வெயில் தாங்காதவன் என்ற கேலி உண்டு. இன்னொரு கேலிப்பெயர் 'சவுட்டி'. ஒரு காலை இங்கிலாந்திலும் மறுகாலைக் கேப்பிலும் ஊன்றி நிற்பவனுக்கு நடுவில் தொங்குவது கடலில் படுமே, அதனால் உப்புக்காரன் என்று இடக்கரடக்கலாகச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். ஆனால் இந்தக் கொச்சைக்குப் பேசுகிறவர் எந்த விலையும் கொடுப்பதில்லை. லெக்கர் விளம்பரப் பலகையில் ஏறியது. 'லோக்கல் இஸ் லெக்கர்' என்பது நாடறிந்த முழக்கம். தென்னாப்பிரிக்க ஆங்கிலமும் இச்சொற்களை வாரி எடுத்துக்கொண்டது. ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொகுத்து 1996இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட வரலாற்று அகராதியைப் புரட்டினால் தெரியும். வெள்ளையர் பேசினால் அது விளையாட்டுப் பேச்சு. அவரே நாளை மேடையில் செம்மொழி பேசுவார் என்று கேட்பவருக்குத் தெரியும். கேப் ஃப்ளாட்ஸ் இளைஞன் பேசினால் 'இவனுக்கு இவ்வளவுதான் வரும்' என்று முடிவு கட்டுகிறார்கள்.

'ஸெஃப்' என்ற சொல்லின் கதை இந்த வேறுபாட்டைத் துலக்கிக் காட்டுகிறது. ஃபோர்டு கம்பெனியின் ஸெஃபிர் காரிலிருந்து இது வந்ததாகச் சொல்வார்கள்; அந்தக் காரைப் பளபளக்கவைத்து ஓட்டிய வெள்ளைத் தொழிலாளரைக் கிண்டலடித்த சொல். 'டி ஆண்ட்வோர்ட்' என்ற இசைக்குழு 2010 வாக்கில் ஸெஃப்பைத் தன் கொடியாக ஏந்தி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தக் குழுவின் பச்சைகுத்தல்களும் உச்சரிப்பும் சிறைக் கும்பல் சொற்களும் வெள்ளைத் தொழிலாளர் பேட்டையைச் சேர்ந்தவை அல்ல, கேப் ஃப்ளாட்ஸைச் சேர்ந்தவை. ஆடம் ஹாப்ட் போன்ற ஆய்வாளர்கள் இதைக் கறுப்பு முகச்சாயம் பூசிய பழைய நாடகத்தோடு வைத்துக் கேள்வி கேட்டார்கள். எடுத்துக்கொள்பவருக்குக் கலை என்ற பெயரும் கொடுத்தவருக்குக் கும்பல் என்ற பெயரும் கிடைத்தன என்பது என் வாசிப்பு. அந்தக் குழுவின் ரசிகர்கள் இதை ஏற்கமாட்டார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கின் கதை வேறு தடத்தில் போகிறது. சோஃபியாடவுன் என்ற கலப்புக் குடியிருப்பில் 1940களிலும் 50களிலும் இளைஞர்கள் பேசியது 'ட்சொட்சிடால்'. ட்சொட்சி என்றால் பகட்டாக உடுத்திய தெருரவுடி. 2006இல் ஆஸ்கர் வாங்கிய 'ட்சொட்சி' திரைப்படத்தால் வெளியுலகம் அறிந்த சொல் அது. அந்த மொழியின் எலும்புக்கூடு ஆப்பிரிக்கான்ஸ். அதன்மேல் சூலு, சோத்தோ, ஆங்கிலச் சொற்கள் ஏறின. நகரத்துப் பையன் 'க்ளெவர்', நாட்டுப்புறத்தான் 'மூஹூ', சின்னவன் 'லாய்ட்டி'. 1955 பிப்ரவரியில் காவல்துறை சோஃபியாடவுனைக் காலி செய்யத் தொடங்கியது. மக்களை மெடோலாண்ட்ஸுக்கு லாரிகளில் ஏற்றினார்கள். இடித்த இடத்தில் எழுந்த வெள்ளையர் குடியிருப்புக்கு 'ட்ரியோம்ஃப்', வெற்றி, என்று பெயர் வைத்தார்கள். மெடோலாண்ட்ஸ் அடங்கிய சொவெட்டோவில் ஆப்பிரிக்கான்ஸ் எலும்பின் இடத்தை மெல்ல மெல்லச் சூலுவும் சோத்தோவும் பிடித்தன. 1976 ஜூன் 16 அன்று, பாடங்களில் பாதியை ஆப்பிரிக்கான்ஸில் படிக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்துச் சொவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், காவல்துறை சுட்டது. தெருவில் ஆப்பிரிக்கான்ஸ் கலந்து பேசியவர்கள் வகுப்பில் அதை மறுத்தது முரண் என்று சிலர் அன்றே சுட்டிக்காட்டியிருப்பார்கள். அதில் முரண் எதுவும் இல்லை. தெருவில் அவர்கள் பேசியதை மொழி என்று அரசு மதிக்கவேயில்லை. வகுப்பில் திணித்ததோ அந்தத் தெருப்பேச்சைத் துடைத்துப்போட்ட ஒன்று.

என் வாதம் எங்கே நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். நன்னூல் தகுதி வழக்கில் குழூஉக்குறியைத் தனியாக வைத்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. பிறருக்குப் புரியக்கூடாது என்பதற்காகவே ஆக்கிய சொற்கள் இவை. ஆப்பிரிக்கான்ஸ் வட்டத்தில் இப்படி இரண்டு பெரிய குழூஉக்குறிகள் உண்டு. ஒன்று, கேப்பின் தன்பால் விருப்பினரிடையே 20ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான 'கேல்'. பெண் பெயர்கள்தாம் அதன் சொற்கள்: மது 'டோரா', போலீஸ் 'பிரிஸில்லா'. தன்பால் உறவு குற்றமாக இருந்த நாட்டில் 'பிரிஸில்லா வருகிறாள்' என்றால் எவருக்கும் சந்தேகம் வராது. இன்னொன்று, சிறைகளின் 26, 27, 28 என்ற எண் கும்பல்களின் 'சபேலா'. சூலு வினைச்சொல்லே அதன் பெயர், பதில் சொல் என்று பொருள். நொங்கொலோசா என்ற கொள்ளைக்காரன் ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே குன்றுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேர்த்த படையிலிருந்து இக்கும்பல்கள் தங்கள் வரலாற்றைத் தொடங்குகின்றன. இந்த இரு பேச்சுகளும் செம்மைக்குள் போக விரும்பியவை அல்ல. கதவை உள்ளிருந்தே பூட்டிக்கொண்டவை. எல்லாக் கொச்சையையும் ஒதுக்கலின் விளைவு என்று சொன்னால் இவர்களின் சொந்தத் திறமையை மறுத்ததாகும். ஆனாலும் சபேலாச் சொற்கள் சிறையை விட்டு வெளியே கேப் ஃப்ளாட்ஸின் பொதுப்பேச்சில் கசிந்தபோது, அவற்றைச் சொன்ன எல்லாரையும் வெளியுலகம் கும்பல்காரர் என்றே கணித்தது.

சொற்பிறப்பு என்று உலவும் கதைகளை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதிக்குக் 'கனாலாடோர்ப்' என்ற செல்லப்பெயர் உண்டு. ஒருவருக்கொருவர் 'கனாலா' சொல்லி உதவிக்கொண்ட ஊர் என்று அங்கே வாழ்ந்தவர்கள் விளக்குவார்கள்; அங்கே ஓடிய கால்வாயே காரணம், டச்சில் அது 'கனால்' என்பார் இன்னொருவர். 1966 பிப்ரவரி 11இல் அரசு அந்தப் பகுதியை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, பிறகு 60,000 பேரை அப்புறப்படுத்தியது. இழந்த ஊரைப் பற்றி மக்கள் எந்தச் சொற்பிறப்பைத் தேர்ந்தார்கள் என்பதும் ஒரு வரலாற்றுச் சான்றுதான். ஆனால் அது ஊரைப் பற்றிய சான்று. சொல்லைப் பற்றியதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

எதிர்த்திசையில் போன சொற்களும் இருக்கின்றன, செம்மையிலிருந்து விலக்குக்கு. சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பன் வந்து சேர்ந்தபோது, இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஆவணங்கள் எழுதிய பெயர் 'கூலி'. தமிழின் 'கூலி'யா, குஜராத்தின் கோலி இனப்பெயரா என்று மூலம் பற்றி இருவிதமாகச் சொல்வார்கள். உழைப்புக்குக் கிடைக்கும் சம்பளத்தைக் குறித்த சொல் அந்நாட்டில் இந்திய வம்சாவளியினர் அனைவரையும் இழிக்கும் வசவாயிற்று. அரபியில் இறைமறுப்பாளனைக் குறித்த 'காஃபிர்' கறுப்பர்மீது எறியும் கல்லாயிற்று. 19ஆம் நூற்றாண்டு நிலப்படங்களிலும் சட்டங்களிலும் கூச்சமின்றி அச்சான சொல் அது. 2018இல் ராண்ட்பர்க் நீதிமன்றம் காவலர்களை அந்தச் சொல்லால் திரும்பத் திரும்ப ஏசிய ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது. சொல் அதேதான். அதைக் கேட்க வேண்டியிருந்தவர்களுக்கு 1994க்குப் பிறகு வாக்கும் நீதிமன்றமும் கிடைத்தன.

2011 கணக்கெடுப்பின்படி ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 68 லட்சம் பேர். அவர்களில் பாதி, நிறவெறி அரசு 'கலரட்' என்று பதிந்துவைத்த மக்கள். வெள்ளையர் ஐந்தில் இரண்டு பங்கு. அம்மக்களில் கேப் டவுன் வட்டாரத்தவரின் பேச்சுக்குக் 'காப்ஸ்' என்று பெயர். செம்மொழியின் 'யெய்' அங்கே 'ஜெய்' என்று ஒலிக்கும். சொற்களின் வால்கள் உதிரும். ஆங்கிலம் தாராளமாகக் கலக்கும். ஆடம் ஸ்மால் அதில் கவிதை எழுதினார், 1965இல் 'கன்னா ஹெய் கோ ஹெய்ஸ்டூ' என்ற நாடகமும் எழுதினார். அது வேடிக்கைப் பேச்சல்ல, பிறப்பிலிருந்து இறப்பு வரை மனிதர் வாழும் மொழி என்று அவர் வாதாட வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்க அறிவியல், கலை அகாடமி தன் உயரிய ஹெர்ட்சோக் பரிசை அவருக்கு 2012இல்தான் கொடுத்தது, அதுவும் விதியைத் தளர்த்தி. இடையில் 1990களில் 'பிராஸ்ஸ ஃபன்னி காப்' போன்ற ராப் குழுக்கள் அந்தப் பேச்சை வானொலிக்குக் கொண்டுபோயின. 2021இல் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்ஸ், ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ் மூன்றும் கொண்ட அகராதித் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

இதற்கும் ஒரு மறுப்பு எழுந்திருக்கிறது, கவனிக்கத்தக்க மறுப்பு. அகராதி போட்டு எழுத்துமுறை வகுத்தால் காப்ஸும் தனக்குள் ஒரு செம்மையையும் கொச்சையையும் உண்டாக்காதா? போ-காப் முஸ்லிமின் காப்ஸா, கேப் ஃப்ளாட்ஸ் கிறிஸ்தவரின் காப்ஸா, சபேலா கலந்த இளைஞனின் காப்ஸா, எது தலைச்சொல்லாக அச்சேறும்? உண்டாக்கும் என்றுதான் நினைக்கிறேன்; பார்ல் சங்கத்தார் செய்ததும் அதுவே. ஆனால் பார்லில் உட்கார்ந்தவர்கள் தங்கள் வீட்டுச் சமையலறையில் பேசியவர்களைக் கேட்காமலே விதி எழுதினார்கள். இந்த அகராதிக்குப் பேசுபவர்களும் ராப் பாடகர்களும் சொல் தருகிறார்கள். பள்ளிக்கூடம் இன்னும் மாறவில்லை. 'தாய்மொழி' என்ற தலைப்பில் கேப் ஃப்ளாட்ஸ் பிள்ளைக்குக் கற்பிப்பது செம்மை ஆப்பிரிக்கான்ஸ். வீட்டில் சொல்வதுபோல 'ஜெய்' என்று எழுதினால் தவறு, 'பாயா' என்று எழுதினால் சரி.